பெல்லாரிக்காரம்மா கட்டிய காப்பு

கூடலூரைத் தாண்டி, குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் ஏலத்தோட்டக் கூலியாட்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. ஓட்டுக்கூரை போட்ட நீளமான கூடம், சில கயிற்றுக் கட்டில்கள், பூட்டுப் போட்ட மருந்து அலமாரி, பின்னால் ஒரு கிணறு. டாக்டர் எப்போதாவது மலையிலிருந்து இறங்கிவந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அந்த இடத்தை நடத்தியது ஒரு வெள்ளைக்கார நர்ஸும் கம்பவுண்டரான நானும்தான்.

எனக்குச் சொந்த ஊர் சுருளிப்பட்டி. நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். எனக்கு மண் வேலை சரிப்படாது என்று மதுரைக்கு அனுப்பிக் கம்பவுண்டர் வேலை பழக வைத்தார்கள். கோம்பையில் பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால் இந்த வேலைக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இரண்டு அறை கொண்ட வீடும் கொடுத்தார்கள்.

மலையிலிருந்து காய்ச்சல்காரர்களைத் தூளி கட்டித் தூக்கி வருவார்கள். முதலில் நடுக்கம், பிறகு அனல், பிறகு வியர்வை என்று முறைவைத்து வரும் காய்ச்சல். பலருக்கு இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கல்லுப்போல இருக்கும். கொயினா ஒன்றுதான் மருந்து. கசப்புத் தாங்காமல் துப்புகிறவர்களின் வாயைப் பொத்திப் பிடித்து விழுங்க வைப்பார் நர்ஸம்மா. விழுங்கியதும் அவர்கள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வார். இரண்டையும் ஒரே மாதிரி முகத்தோடு செய்வார்.

அவர் இங்கிலீஷ்காரி இல்லை. மலை மேலிருந்த தோட்டத்துத் துரையின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பிள்ளைகளைப் படிக்கக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். போவதற்கு மனமில்லாமல் இவர் மட்டும் நின்றுவிட்டார். நர்ஸ் வேலை முன்பே தெரிந்திருந்ததால் ஆஸ்பத்திரியை இவரிடம் ஒப்படைத்தார்கள். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் 'பல்கேரியா' என்பார். தேவாரம் ஊரிலிருந்து வந்த கிழவர் ஒருவர் கட்டிலில் கிடந்தபடியே என்னிடம் கேட்டார்.

"என்ன ஊருங்கிறாக? பெல்லாரியா?"

"பெல்லாரி இல்ல தாத்தா. பல்கேரியா. கடலுக்கு அங்கிட்டு."

"பெல்லாரில எம் மருமகன் ரயில்வேல இருந்தான். அங்கன வெயிலு மண்டையப் பொளக்கும்பான். இவுக எப்படி இம்புட்டு வெள்ளையா இருக்காக?"

அதிலிருந்து அவர் பெல்லாரிக்காரம்மா ஆகிவிட்டார். அவருக்கும் அது தெரியும். திருத்தச் சலித்துப்போய் விட்டுவிட்டார். அவர் பேசிய தமிழும் ஒரு தினுசு. மலையில் ஒரு மலையாள ஆயாவிடம் கற்றது. பாதி தமிழ், பாதி மலையாளமாக இருக்கும். கூலியாட்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் என்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

நான் சேர்ந்த பிறகு வந்த முதல் மாசி மாதம். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலி மேல் ஒரு சிவப்புக் கம்பளி விரித்துப் போட்டிருந்தது. முற்றத்தில் குப்பையைக் குவித்துத் தீ வைத்திருந்தார் நர்ஸம்மா. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தீயை ஒரு தாண்டு தாண்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னம்மா இது, நேர்த்திக்கடனா?"

"இல்ல. இன்னைக்கு மார்ச் ஒண்ணு. கிழவி வரும்."

அவர் ஊரில் மாதக்கணக்கில் பனி கொட்டிக் கிடக்குமாம். மரங்களெல்லாம் செத்தது போல நிற்குமாம். மார்ச் மாதம் ஒரு கிழவியின் உருவத்தில் வருவாளாம். அவள் முன்கோபக்காரி. சிரித்தால் வெயில், முறைத்தால் மறுபடியும் பனி. வீடு கூட்டாமல் கிடந்தால் கோபம். சிவப்பு நிறம் கண்ணில் பட்டால் சந்தோஷம். அதனால்தான் வாசலில் சிவப்புக் கம்பளி. குளிர்காலத்துப் பீடையெல்லாம் போகத் தீ.

"இங்கன வெயில் வந்தாத்தானம்மா ஆளு சாகுது. மாசி கழிஞ்சா காய்ச்சல்காரங்க எம்புட்டுப் பேரு வருவாகன்னு பாருங்க" என்றேன்.

"எனிக்கு அறியும். ஆனா கிழவி வழி தெரியாம இங்கயும் வந்தா?" என்றார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை நூலையும் ஒரு சிவப்பு நூலையும் எடுத்து, ஒரு முனையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி முறுக்கினார். இரண்டும் ஒரே கயிறானதும் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றை என் மணிக்கட்டில் கட்டினார். கட்டிலில் கிடந்தவர்களுக்கும் கட்டினார். நாரையைக் கண்ணால் பார்க்கும்வரை, அல்லது ஒரு மரம் பூத்து நிற்பதைப் பார்க்கும்வரை அவிழ்க்கக் கூடாது. பார்த்ததும் அவிழ்த்து அந்த மரத்துக் கிளையிலேயே கட்டிவிட வேண்டும். வெள்ளை எதற்கு, சிவப்பு எதற்கு என்று கேட்டேன். அந்த வருஷம் ஒரு காரணம் சொன்னார். அடுத்தடுத்த வருஷங்களில் வேறு வேறு காரணம் சொன்னார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது மனைவி என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"எந்தக் கோயில் காப்பு இது?"

"கோயிலுமில்ல ஒண்ணுமில்ல. நர்ஸம்மா கட்டிவிட்டாக."

"யாரு கட்டினா என்ன, காப்பு காப்புத்தான? எத்தன நாளைக்குக் கவுச்சி ஆகாது? வெளியூருக்குப் போயிட்டு வரலாமா? கேட்டீகளா?"

"கேக்கல."

"நல்ல ஆளு. ஒரு முறையும் தெரியாமக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறீக."

எங்கள் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எல்லை தாண்டக் கூடாது, மீனும் கறியும் கூடாது. அவளுக்கு அதுதான் தெரியும். அன்று சாயங்காலமே நர்ஸம்மாவிடம் நேரில் போய்க் கேட்டாள். விரதம் ஒன்றும் கிடையாது என்று அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. வெள்ளைக்காரிக்குச் சொல்லத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, காப்பு அவிழ்கிற வரைக்கும் வீட்டில் கவுச்சி கிடையாது என்று அறிவித்துவிட்டாள். தனக்கும் ஒன்று கட்டச் சொல்லிக் கையை நீட்டினாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம். முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. அதை நர்ஸம்மாவிடம் நான்தான் சொல்லியிருந்தேன். அவர் நூலைக் கட்டிவிட்டு அவள் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பங்குனித் தொடக்கத்தில் ஒரு நாள் மாட்டுவண்டியில் மூவரும் கம்பத்துக்குப் போனோம். இரண்டாம் போகம் அறுத்த வயல்களில் தண்ணீர் தேங்கிக் கிடந்த இடத்தில் பெரிய பறவைகள் நின்றிருந்தன. வெள்ளை உடம்பு, சிறகு நுனியில் கறுப்பு, மூக்கும் காலும் சிவப்பு. நர்ஸம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி வரப்பு மேல் நடந்து போய், அதற்கு மேல் போனால் பறந்துவிடும் என்கிற இடத்தில் நின்றுவிட்டார். அவர் ஊரில் வீட்டுப் புகைபோக்கி மேல் கூடு கட்டுகிற அதே நாரையாம். இங்கே இவை கிளம்பிப் போகிற மாதம், அங்கே வந்து இறங்குகிற மாதம். திரும்பி வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. அவிழ்த்த நூல்களைக் கூடலூர்ச் சாலையோரம் பூத்துக் கிடந்த ஒரு புங்கமரத்தில் கட்டினோம். வீட்டுக்கு வந்ததும் மனைவி மீன் வாங்கிவரச் சொன்னாள்.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மாதான் கையில் ஏந்தினார்.

அந்தப் பிள்ளை வளர்ந்தது ஆஸ்பத்திரி முற்றத்தில். தமிழையும் மலையாளத்தையும் பெயர் தெரியாத அந்த மூன்றாவது பாஷையையும் கலந்து பேசியது. ஒவ்வொரு மாசியிலும் அதன் கையில் சிவப்பும் வெள்ளையும் ஏறும். பங்குனியில் ஒரு நாள் பாம்பு விரட்டுவது என்று ஒரு சடங்கு. மண்ணுக்குள் தூங்கிய பாம்பெல்லாம் எழுந்து வருகிற நாள் என்று தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு நர்ஸம்மா வீட்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார். மலையடிவாரத்தில் பாம்புக்குப் பஞ்சமில்லை. அவருடைய சடங்குகளில் என் மனைவி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான். அவள் அண்டாவைத் தட்டுவாள், மகள் தகர டப்பாவைத் தட்டும். ஈஸ்டர் வந்தால் வெங்காயத் தோலை வேகவைத்து அந்தத் தண்ணீரில் முட்டையைச் சிவப்பாக்குவார். முதல் முட்டையைப் பிள்ளையின் கன்னத்தில் தேய்த்து, வருஷம் முழுக்கக் கன்னம் இதே மாதிரி சிவந்திருக்கும் என்பார். எங்கள் நிறத்துக்கு அது எங்கே சிவப்பது?

யுத்தம் எங்களுக்கு முதலில் விலைவாசியாக வந்தது. பிறகு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அப்புறம் பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் பின்னால் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓட ஆரம்பித்தது. மதுரையிலிருந்து போடிக்குப் போன ரயில் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இதற்கு நடுவில் ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, நர்ஸம்மா இனி வாரம் ஒரு முறை ஸ்டேஷனுக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றார்.

"எதுக்கு?" என்றேன்.

"இவுக தேசம் ஜெர்மன்காரன் பக்கம் சேந்துருச்சாம்ல. மேலிடத்து உத்தரவு."

"இவுக பத்து வருஷமா இங்கன இருக்காக."

"எனக்கென்னய்யா தெரியும்? நாங்கூட இவுக பெல்லாரின்னுதான் நெனச்சிருந்தேன். பெல்லாரி நம்ம ராஜதானிதான?" என்று அவரும் சங்கடமாகச் சிரித்தார்.

ஒரு வருஷம் அப்படியே ஓடியது. நர்ஸம்மா வாரம் தவறாமல் போய் முகம் காட்டிவிட்டு வந்தார். ஊரிலிருந்து கடிதம் வருவது நின்றுபோயிற்று. கொயினாவும் குறைந்துகொண்டே வந்தது. ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டதால் கொயினா எடுக்கிற மரப்பட்டை வருவதில்லை, இருப்பதெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள். முழு மாத்திரை கொடுத்த இடத்தில் அரை மாத்திரை கொடுத்தோம்.

அடுத்த மாசி வந்தது. மகளுக்கு நான்கரை வயது. அந்த வருஷம் கம்பளி வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். நாட்டில் தந்திக் கம்பியை அறுப்பதும் தபாலாபீசுக்குத் தீ வைப்பதும் நடந்து முடிந்த நேரம். வெளியூர் ஆள் என்றாலே சந்தேகம். நர்ஸம்மா கேட்கவில்லை.

"கம்பளி என்ன செய்யும்?" என்றார்.

வேலி மேல் அது ஒரு பகல்தான் கிடந்தது. யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகாய விமானத்துக்கு அடையாளம் காட்டுகிறாள் என்று ஒரு பேச்சு. செங்கொடி ஏற்றினாள் என்று ஒரு பேச்சு. இரண்டு நாள் கழித்து சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். பெல்லாரி என்று நினைக்கிறவர் இல்லை.

"சிவப்புத் துணி எதுக்குக் கட்டினீங்க?"

"மார்ச் கிழவிக்கு" என்றார் நர்ஸம்மா.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். பனிக்காலம் முடிந்து வெயில் வருகிற மாதத்தை வரவேற்கிறது, நம்ம சித்திரை மாதிரி, பொங்கலுக்கு வாசல் தெளிக்கிற மாதிரி என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிச் சொல்கிற கதை போலக் கேட்டது. மகள் ஓடிவந்து தன் கையிலிருந்த நூலைக் காட்டினாள்.

"இது என்ன?"

"காப்பு" என்றாள் மகள்.

அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். அடுத்தவர்களின் கைகளையும் பார்த்தார். கட்டிலில் கிடந்தவர்கள் கையிலும், என் கையிலும், என் மனைவி கையிலும் அதே நூல். அந்தப் பார்வையிலேயே காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இத்தனை பேரை ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறாளே என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். வடக்கே எங்கோ மலை மேல் அயல் தேசத்துக்காரர்களை அடைத்து வைக்கிற முகாமுக்கு என்று மட்டும் சொன்னார்கள். ஒரு பெட்டிக்கு மேல் எடுத்துக்கொள்ள விடவில்லை. கரி அடுப்பைக் கிளப்புவதற்காகக் கிளீனர் பையன் விசிறியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அது பிடித்துக்கொள்ளும்வரை நர்ஸம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மனைவி வெளியே நின்றபடி அவர் கையைப் பிடித்திருந்தாள். பஸ் நகர்ந்ததும் அவர் மகளைப் பார்த்து, "மோளே, நாரை கண்டா அவிழ்க்கணும்" என்றார்.

தோட்டத்திலிருந்து ஆள் வந்து அலமாரியில் மீதி இருந்த மருந்தை மலைக்கு எடுத்துக்கொண்டு போனான். நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரியைத் திறந்து வைக்க வேண்டாம் என்று உத்தரவு. வேறு இடம் பார்க்கும்வரை வீட்டில் இருந்துகொள்ளச் சொன்னார்கள். கட்டில்களில் கிடந்தவர்கள் எழுந்து, நடக்க முடிந்தவர்கள் நடந்து போனார்கள்.

மகள் தினமும் காலையில் கேட்பாள்.

"நாரை வந்துருச்சா?"

"வரும் ஆத்தா."

அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் போய் வருவேன். அந்த வருஷம் மழை பொய்த்து, வயல்கள் வெடித்துக் கிடந்தன. கொக்கு சில நின்றன. இதுவா, இதுவா என்று கேட்பாள். இல்லை என்பேன். ஆமாம் என்று சொல்லி அவிழ்த்திருக்கலாம். ஆனால் அவளுக்குச் சிவப்புக் கால் வேண்டும் என்று தெரியும். ஏமாற்ற முடியாது. புங்கமும் அந்த வருஷம் இலை உதிர்ந்து மொட்டையாகவே நின்றது.

பங்குனி நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மத்தியானம் விளையாடிக்கொண்டிருந்தவள் குளிருது என்று வந்து படுத்தாள். நான் எத்தனையோ பேருக்குப் பார்த்த நடுக்கம்தான். ஒரு நாள் விட்டு மறுபடி வந்தது. நான் மலை ஏறித் தோட்டத்து ஆபீசில் போய்க் கேட்டேன். ஆபீஸ் ரைட்டர் நல்ல மனிதர்தான். என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"கூலி லயத்துல நாப்பது பேரு படுத்துக் கெடக்காக கம்பவுண்டரே. அவுகளுக்கே இல்ல. தொர பூட்டிச் சாவிய வச்சுக்கிட்டாரு."

"எம் பிள்ளைக்கு ஒரு நாலு மாத்திரை போதும்."

"நீங்களே மருந்து கொடுத்த ஆளு. உங்களுக்கு நான் என்ன சொல்றது?"

கம்பத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உத்தமபாளையத்துக்குப் போனேன். கள்ளத்தனமாக விற்கிற ஓர் ஆளைப் பிடித்து வாங்கி வந்தேன். வீட்டில் வந்து நாக்கில் வைத்துப் பார்த்தால் கசக்கவே இல்லை. வெறும் சுண்ணாம்பு மாவு. நிலவேம்பும் பற்படாகமும் காய்ச்சிக் கொடுத்தோம். அண்ணன் வந்து கோயில் திருநீறு கொண்டுவந்து பூசினார். மூன்றாம் முறை காய்ச்சல் ஏறியபோது அவளுக்கு நினைவு தப்பியது. கை கால் வெட்டி இழுத்தது. அதற்குப் பிறகு கொயினா கிடைத்திருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது. அது எனக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியாது. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் இன்னொரு தடவை போய்க் கொண்டுவருவேன் என்று. மறுநாள் விடிந்து வெயில் ஏறும்போது மகள் போய்விட்டாள்.

சுருளிப்பட்டிக்குத்தான் தூக்கிக்கொண்டு போனோம். சின்னப் பிள்ளை என்பதால் புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் குளிப்பாட்டினார்கள். அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். என் மதினி, பிள்ளை கையில் இருந்த நூலையும் அறுக்கப் போனார். அதுவரை சுவரில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத அறுக்காதீக அக்கா."

"ஒடம்புல கயிறு கெடக்கக் கூடாது தாயி. முறை அப்படி."

"அவ இன்னும் நாரையப் பாக்கல" என்றாள்.

கூடி நின்ற பெண்களுக்கு அது புரியவில்லை. துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தார்கள். எனக்குப் புரிந்தது. நான் போய் மதினியிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டேன். நூலோடுதான் புதைத்தோம்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர், எனக்காக நிறையச் செய்தவர். ஆனால் அன்றைக்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"ஆத்தாளுக்குக் காப்புக் கட்டுற மாசத்துல எவளோ ஒரு பரதேசிக்காரி கட்டின கயித்தக் கையில விட்டு வச்சீக. ஆத்தா சும்மா இருப்பாளா? அந்தப் பொம்பள தொட்ட எடமெல்லாம் பாரு, ஆசுபத்திரி மூடியாச்சு, பிள்ள போச்சு."

அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி வெளியே வந்தாள். மூத்தவர் முன்னால் அவள் அதுவரை நிமிர்ந்து பேசியதில்லை.

"கொயினா இல்லாமச் செத்துச்சு எம் பிள்ள. கயித்தால சாகல. அவுக இங்கன இருந்திருந்தா அந்தப் பூட்ட ஒடச்சாவது எடுத்தாந்திருப்பாக" என்றாள்.

அண்ணன் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு எங்களுக்குச் சுருளிப்பட்டியில் இருப்புக் கொள்ளவில்லை. தேனியில் ஒரு பஞ்சுப் பேட்டைக்குப் பக்கத்தில் தனியார் டாக்டர் ஒருவரிடம் வேலை கிடைத்தது. சந்தைக்குப் பின்புறம் ஒரு வீடு பிடித்தோம். வேறு குழந்தை பிறக்கவில்லை. என் மனைவி அதைப் பற்றிப் பேசுவதில்லை. மாசி வந்தாலும் பேசுவதில்லை. வீட்டைக் கூட்டுவாள், சமைப்பாள், பக்கத்து வீட்டுக்காரிகளோடு நூல் சுற்றப் போவாள். மகள் பெயரை அவள் வாயால் கேட்டே வெகுநாளாகிவிட்டது. மறந்துகொண்டு வருகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் யாரோ நின்று என் வேலையைச் சொல்லி, "கம்பவுண்டர் வீடு இதா?" என்று கேட்டார்கள். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. நர்ஸம்மாவுக்கு முடி முழுக்க நரைத்து, கழுத்தளவுக்கு வெட்டப்பட்டிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. முகாமைக் கலைத்துவிட்டார்களாம். தோட்டத்தில் கிடந்த தன் பெட்டியை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போகிறார். கூடலூரில் கேட்டு, தேனியில் இருக்கிறோம் என்று தெரிந்து, பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கி வந்திருந்தார். எங்கள் துக்கத்தை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மனைவி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். உட்கார வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவர் தன் கதையைச் சொன்னார். அம்மா யுத்தத்தின்போதே இறந்துவிட்டார். அண்ணன் ஒருவர் இருந்தார். அவரைச் சுட்டுவிட்டார்கள். யார், எதற்கு என்று எழுதியவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

"அப்ப எங்க போறீகம்மா?" என்றேன்.

"கப்பல் போற இடம்" என்றார். "எனிக்கு ஆரும் இல்ல."

பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் எதைக் கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மோள் எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"கோம்பைக்குப் போயிருக்கா. எங்க ஆத்தா வீட்டுக்கு. அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டோம். மூணாப்புப் படிக்கா."

அவள் குரலில் துளி நடுக்கம் இல்லை. நர்ஸம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உள்ளே வந்ததிலிருந்து அப்போதுதான் அந்த முகத்தில் எனக்குத் தெரிந்த பழைய ஆள் தெரிந்தார்.

"நல்லா படிக்குமா?"

"கணக்கு வராது. பேச்சுத்தான் பெரிசு. உங்க பாசைல ரெண்டு வார்த்தைய இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியுறா."

"உயரம்?"

என் மனைவி எழுந்து நின்றாள். கையை விரித்துத் தன் விலாவுக்குப் பக்கத்தில் ஓர் உயரத்தில் நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்தாள். ஒரு விரற்கடை மேலே ஏற்றினாள்.

"இம்புட்டு. போன வருஷம் தச்ச பாவாடை இந்த வருஷம் எட்டல" என்றாள்.

நர்ஸம்மா பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் கம்பளிச் சட்டையை எடுத்தார். முகாமில் உட்கார்ந்து பின்னியதாம். வருஷங்கள் போனது தெரியாமல் சின்னதாகப் பின்னிவிட்டேன் என்று வருத்தப்பட்டார். மனைவி அதை வாங்கி, பிரித்து மறுபடி பின்னிப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்றாள். கரி பஸ் ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர் மகளைப் பற்றி இன்னும் ஏதோ கேட்டார். இரைச்சலில் கேட்காததுபோல் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பிட்ட இலையை எடுத்துப் போட்டுவிட்டுத் தரையைச் சாணம் தெளித்து மெழுகிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அப்படிச் சொன்ன?" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

"அவுகளுக்கு ஊர்ல யாரும் இல்லன்னாகல்ல. இங்கனயாவது ஒண்ணு இருக்கட்டும்."

மெழுகி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஈரம் காய்கிற வரைக்கும் உள்ளே வர வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, வாசல்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் தரை காய்வதற்காகக் காத்திருந்தோம்.